உப்புக்காற்று ஊரில் இன்ஜின் பேரிங் மாற்றும் முறை

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் மாவட்டக் கரையோரம் ஓடும் 100 சிசி வண்டிகளில் இன்ஜின் பேரிங் (சுற்றும் தண்டைத் தாங்கும், குண்டுகள் கோத்த இரும்பு வளையம்) ஓடித் தேய்ந்து மட்டும் போவதில்லை, அரித்தும் போகிறது. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்த வைத்ததும் அரிப்புதான். அதே காற்றில்தான் நம் வண்டியும் ராப்பகலாக நிற்கிறது.

புதுப் பேரிங் ஆறு மாதத்தில் மறுபடி சத்தம் போடுகிறது என்றால் பெரும்பாலும் ஏற்றிய விதம்தான் தப்பு. ஆகவே இந்த வேலையில் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். பழைய பேரிங் ஏன் போனது என்று தெரியாமல் புதியதை ஏற்றக் கூடாது. ஏற்றும்போது பேரிங்மேல் சுத்தியல் படவே கூடாது.

சத்தத்தை வைத்துப் பிடிப்பது

சத்தம் வந்ததுமே இன்ஜினைப் பிளந்துவிட வேண்டாம். டைமிங் செயின், டேப்பெட், கிளட்ச் பெல், சைலன்சர் லீக் எல்லாமே பேரிங் சத்தம்போல ஏமாற்றும்.

கிராங்க் (பிஸ்டனின் ஏறி இறங்கலைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங் போயிருந்தால் ‘உர்ர்ர்’ என்று கனத்த உறுமல் வரும். ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும். நியூட்ரலிலும் வரும், எல்லா கியரிலும் வரும், கிளட்சைப் பிடித்தாலும் போகாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங் என்றால் உறுமல் இல்லை, ‘டக் டக்’ என்ற தட்டல். ஆக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்கும்போது பளிச்சென்று கேட்கும்.

கியர்பாக்ஸுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. வண்டி நின்றபடி, நியூட்ரலில், இன்ஜின் ஓடட்டும். கிளட்ச் பிடிக்காமல் சத்தம் இருந்து, பிடித்ததும் அடங்கினால், கிளட்ச் ஏறியிருக்கும் மெயின் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் பிடித்ததும் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடுகிறது, அதனால்தான் சத்தமும் நிற்கிறது. வண்டி ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஏறியிருக்கும் ஷாஃப்டைப் பாருங்கள். கரையோர வண்டியில் இந்தப் பேரிங்கைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் இறங்கும்; ஸ்ப்ராக்கெட் சீலின் (ஷாஃப்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) உதட்டுக்கு அடியில் ஷாஃப்ட் துருப்பிடித்துச் சொரசொரப்பானால் சீல் அறுந்து தண்ணீர் உள்ளே போகும். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் பெட்டி வைத்தால் அந்தத் தண்ணீர் நேராக இன்ஜின்மேலேயே சொட்டும்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்துக்கு நேராகக் கேஸில் (இன்ஜினின் அலுமினிய உறையில்) வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபடும். உறுதி செய்ய மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) மூடியைக் கழற்றி, அந்தச் சக்கரமான ரோட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நல்ல பேரிங்கின் மேல்கீழ் ஆட்டம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கைக்குத் தெரியவே தெரியாது. கைக்குத் தெரிகிறது என்றால் அது முடிந்த பேரிங். உள்ளே வெளியே லேசாக நகர்வதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மேக்னட் பக்க ஆயில் சீல் மாற்றி இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகினாலும் கிராங்க் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது.

கடைசியாக ஆயில். வடித்த ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புச் சட்டியில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் பொரியும். ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தங்கும் தூளில் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் செதில் பேரிங்கிலோ கியரிலோ இருந்து வந்தது.

இடமும் தண்ணீரும்

கச்சான் காற்று (மேற்குக் காற்று) வீசும் நாளில் வெளித்திண்ணையில் இன்ஜினைப் பிளக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மணல் ஒரு துளி போதும், புதுப் பேரிங்கின் பாதையைக் கீறிவிடும். கதவு சாத்திய அறை, தண்ணீர் தெளித்த தரை, நிறுத்திய மின்விசிறி, பழைய பெட்ஷீட் விரித்த மேசை, இது போதும்.

கேஸைக் கழுவும் தண்ணீரும் முக்கியம். கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாக ஒரு படிவு தங்கும், அதுவே அடுத்த துருவுக்கு விதை. முதல் கழுவல் டீசலில், அடுத்து சோப்புத் தண்ணீரில் இருக்கட்டும். கடைசி அலசலுக்குக் குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு குடம் ஒதுக்கிவிடுங்கள். காய்ந்ததும் உடனே ஆயில் தடவ வேண்டும்.

ஸ்பேனர் செட் தவிர வேண்டியவை: உங்கள் வண்டிக்கான மேக்னட் புல்லர், கிளட்ச் நட்டுக்கான காடி சாக்கெட், சர்க்லிப் பிளையர், இம்பாக்ட் டிரைவர், பிளாஸ்டிக் சுத்தியல், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், 150 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர். கிராங்கிலிருந்து பேரிங் இழுக்கும் புல்லர் இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம். மேக்னட்டைப் புல்லர் இல்லாமல் தட்டிக் கழற்றப் பார்ப்பது வேண்டாம். காந்தத்தின் ஒட்டு விடும், கிராங்கின் மரையும் நசுங்கும்.

அவிழ்ப்பது

முரட்டு நட்டுகளை இன்ஜின் சேசிஸில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். மேல் கியரில் போட்டுப் பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டால் ஸ்ப்ராக்கெட் போல்ட் சுலபமாக வரும். இன்ஜினைத் தரையில் இறக்கிய பிறகு அதைப் பிடித்துக்கொள்ள ஆளும் இருக்காது, பிடியும் கிடைக்காது.

உப்புக்காற்றில் இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியக் கேஸும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி கட்டிக்கொண்டு, ஸ்க்ரூ பற்றவைத்ததுபோல் இறுகிவிடும். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து பொடியாகிறது. முறுக்கினால் தலை வழுக்கும், அல்லது முறியும். முதல் நாள் மாலையே எல்லா ஸ்க்ரூவுக்கும் துருநீக்கி ஆயில் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொன்றின் தலையிலும் நேராக இரண்டு மூன்று அடி, பிறகு இம்பாக்ட் டிரைவர். அதற்கும் வராததைச் சுற்றிக் கேஸைச் சூடாக்கினால் வரும். இந்த இடத்தில் பொறுமை இழந்தால் முறிந்த ஸ்க்ரூவைத் துளைத்து எடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

ஒரு அட்டையில் கேஸின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளங்கள் வேறு வேறு. நீளமானதைக் குட்டை துளையில் போட்டு முறுக்கினால் கேஸ் விரிசல் விடும்.

வரிசை இப்படிப் போகும். ஆயில் வடித்தல், கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி, சைலன்சர், வயர்கள், இன்ஜின் இறக்கல். பிறகு டேப்பெட் மூடி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து டைமிங் குறிகளைப் பார்த்து வைத்தல், ஹெட், போர் (சிலிண்டர்), பிஸ்டன். பிஸ்டன் லாக்கை (பிஸ்டன் பின்னைப் பூட்டும் கம்பி வளையத்தை) எடுக்கும்போது கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். அடுத்து வலப்பக்க மூடி, கிளட்ச், ஆயில் பம்ப், கியர் மாற்றும் கை. இடப்பக்கம் மேக்னட், டைமிங் செயின். ஸ்ப்ளெண்டர் போன்ற இன்ஜின்களில் கிளட்ச் பக்கம் கிராங்கின்மேல் ஒரு கிண்ணம் சுற்றும். ஆயிலைச் சுழற்றி அழுக்கைப் பிரித்துத் தேக்கி வைப்பது அதுதான். அதன் உள்சுவரில் கறுப்புக் களிமண்போல அப்பியிருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி என்று சொல்லிவிடலாம். அதையும் மூடிக்கு அடியில் இருக்கும் வலையையும் சுத்தம் செய்யாமல் மூடினால், புதுப் பேரிங்குக்குப் பழைய அழுக்கையே ஊட்டுகிறோம்.

கேஸ் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்துங்கள். எல்லாம் எடுத்த பிறகும் பிரியவில்லை என்றால் அட்டையில் எண்ணிப் பாருங்கள், ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டவல் பின். இரண்டு பாதிகளையும் நேர்நிறுத்தும் அந்தச் சின்னக் குழாய்கள் இங்கே துருவேறிக் கவ்விக்கொள்ளும். அந்த இடத்தைச் சூடாக்கி, துருநீக்கி விட்டு, கேஸின் தடித்த இடங்களில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு முகத்துக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால், அந்தக் கீறல் வழியாக இன்ஜினின் ஆயுள் முழுக்க ஆயில் கசியும்.

ஒரு பாதியைத் தூக்கும்போது கியர் ஷாஃப்டின் வாஷர்கள் ஆயில் பிசுக்கில் கேஸோடு ஒட்டி மேலே வரும். எது எந்த முனையில் இருந்தது என்று அப்போதே போட்டோ எடுத்து, கம்பியில் கோத்து வையுங்கள். வாஷர் இடம் மாறினால் கியர் விழாது, அல்லது விழுந்து நிற்காது.

செத்த பேரிங் சொல்வது

எடுத்த பேரிங்கைக் குப்பையில் போடும் முன் பெட்ரோலில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடும் பாதையில், குண்டுகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் பழுப்புக் குழிகள் இருந்தால், ஈரம் தங்கி வண்டி ஓடாமல் நின்றிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டு ஓரம் நிறுத்திய வண்டியில் இதைப் பார்க்கலாம். பாதை முழுக்கச் சாம்பல் நிறமாக மங்கி, நுண்கீறலாக இருந்தால் மணலும் அழுக்கும். ஏர் ஃபில்டர் பெட்டி, பிரீதர் குழாய் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்), ஆயில் மூடியின் ரப்பர் வளையம் மூன்றையும் பார்க்க வேண்டும். நீலமோ வைக்கோல் நிறமோ ஏறியிருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. பம்பையும் ஆயில் துளைகளையும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தால் அது உழைத்துத் தேய்ந்தது, வேறு குற்றம் தேட வேண்டியதில்லை. பாதையின் ஓரத்தில் குண்டு பதிந்ததுபோல் வரிசையாகப் பள்ளம் இருந்தால், முன்பு ஏற்றியவர் சுத்தியலால் அடித்திருக்கிறார்.

இன்னொன்று: மீன் பெட்டி ஸ்டாண்டை வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை எட்டத்தில் மாட்டினால், மின்சாரம் பேரிங் வழியாகவும் பாய வழி கிடைக்கும். பாதையில் கோடு கோடாகத் தீய்ந்த தடம் விழும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள்.

பேரிங் உட்கார்ந்திருந்த குழியையும் பாருங்கள். உள்சுவர் கண்ணாடிபோல் பளபளத்தால் வெளிவளையம் குழிக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. புதுப் பேரிங் சூடாக்காமலே விரலால் அழுத்தி இறங்கினால் குழி பெருத்துவிட்டது. சென்டர் பஞ்சால் சுவரில் பொட்டு குத்திச் சரிசெய்வது பல இடங்களில் பழக்கம். அதை ஏற்கவே முடியாது. பொட்டின் முனைகள் சில வாரத்தில் நசுங்கிவிடும், கிராங்கும் நடுவிலிருந்து விலகி நிற்கும். இடைவெளி மிகக் குறைவு என்றால் பேரிங் பிடிக்கும் பசை போதும். சுவரையும் வளையத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுத் தடவ வேண்டும். அதற்கு மேல் என்றால் லேத்தில் குழியைக் குடைந்து ஸ்லீவ் ஏற்ற வேண்டும், இல்லையேல் கேஸை மாற்ற வேண்டும்.

கிராங்க் வெளியே இருக்கும்போதே ராடை மேல்கீழாக இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சறுக்குவது இயல்பு. கிராங்கை லேத் பட்டறையில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் பிடிக்கச் சொல்லுங்கள். முனைகளில் ஓட்டம் (சுற்றும்போது நடுவிலிருந்து விலகும் அளவு) 0.10 மி.மீ.க்கு மேல் இருந்தால் அப்படியே ஏற்றக் கூடாது. 0.03 மி.மீ.க்குள் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கைதான். கோணல் கிராங்கில் எந்தக் கம்பெனி பேரிங்கும் நிலைக்காது.

வாங்குவது

வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய பேரிங்கின் எண்ணைப் படித்து வாங்குங்கள். 6304 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 00, 01, 02, 03 நான்கும் விலக்கு. அவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. 6204-இன் உள்விட்டமும் 20 தான், ஆனால் வெளியே 47, அகலம் 14. சில வண்டிகளில் கம்பெனிக்கென்றே செய்த அளவுகள் இருக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். கிராங்கில் இறுக்கமாக ஏறும்போது உள்வளையம் லேசாக விரியும், ஓடும்போது சூட்டில் இன்னும் விரியும், குண்டுக்கு இருக்கும் இடம் சுருங்கும். அதற்காகவே சி3-இல் உள்ளாட்டம் கூட்டி வைத்திருக்கிறார்கள். 20 மி.மீ. பேரிங்கில் சாதாரண ரகத்துக்கு 5 முதல் 20 மைக்ரான், சி3-க்கு 13 முதல் 28. சி3 இருந்த இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் சூடேறியதும் இறுகி, சீக்கிரமே ஊளையிடும்.

ஆயிலில் குளிக்கும் இடத்துக்கு மூடியில்லாத பேரிங்தான் வேண்டும். ரப்பர் மூடி போட்டது மட்டும் கிடைத்தால் மூடியை நெம்பி எடுத்து, உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டுப் போடலாம். பழைய பேரிங்கிலேயே ஒரு பக்கம் மூடி இருந்திருந்தால் அதுபோலவே வாங்குங்கள். எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி பெயர்களில் போலிகள் சந்தையில் உண்டு. எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தாலும், விலை பாதியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதோடு எல்லா ஆயில் சீலும், கேஸ், போர், ஹெட் பேக்கிங்குகளும் (முகங்கள் சேரும் இடத்தில் வைக்கும் தாள்களும்), ரப்பர் வளையங்களும், பிஸ்டன் லாக் இரண்டும் புதிது வாங்க வேண்டும். இவற்றில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பாக்கெட்டை வீட்டில் பிரித்துப் பார்த்து மூடி வைக்க வேண்டாம். இந்த ஊர் வியர்வை பட்ட விரல் தடம் இரண்டு நாளில் துருவாகத் தெரியும்.

ஏற்றுவது

குண்டு வழியாக விசை போகக் கூடாது. கேஸ் குழிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் தள்ள வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும். மாற்றித் தள்ளினால் குண்டு பாதையில் பள்ளம் பதித்துவிடும். அந்தப் பள்ளம் முதலில் கண்ணுக்குத் தெரியாது, நூறு கிலோமீட்டரில் காதுக்குத் தெரியும்.

சூடும் குளிரும் இந்த வேலையைத் தானே செய்யும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 52 மி.மீ. குழியை அறைச் சூட்டிலிருந்து 80 டிகிரி கூடுதலாக, அதாவது 110 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 0.095 மி.மீ. விரிகிறது. பேரிங்கை மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் 0.03 மி.மீ. சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் இறுக்கமான பேரிங் தானாக விழும்.

கேஸிலிருந்து சீல், நியூட்ரல் சுவிட்ச், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை துளியும் இல்லாதபடி கழுவிக் காயவைத்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போக வேண்டும். கழுவிய பெட்ரோலும் டீசலும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கனமான இரும்புத் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, கேஸின் வெளிப்பக்கம் கல்லில் படும்படி வைத்து, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் இருபது முப்பது நிமிடத்தில் ஒரே சீராகச் சூடேறும். எரிவாயு டார்ச்சால் ஒரே இடத்தில் சுட்டால் கேஸ் கோணும். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கி பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துக் காட்டும். ஒரு இடத்தில் கறுப்பு மார்க்கரால் பூசி, அங்கே குறிபாருங்கள். கருவி இல்லையென்றால் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு. உடனே ‘சுர்’ என்று பொரிந்து போனால் 100 தாண்டிவிட்டது, தீயை அணைக்கலாம். 120-க்கு மேல் போக வேண்டாம்.

பேரிங்கை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். ஃப்ரீசர் இல்லாத வீட்டுக்கு இந்தக் கரையில் வேறு வழி இருக்கிறது: மீனுக்கு உடைக்கும் ஐஸ் தூள் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடைக் கணக்கில். இந்தக் கலவை மைனஸ் 15-ஐ ஒட்டிப் போகும். பேரிங்குக்கு ஆயில் தடவி, பாலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு மறுபடி கட்டி, முக்கால் மணி நேரம் புதைத்து வையுங்கள். ஒரு துளி உப்புத் தண்ணீர் உள்ளே போனாலும் அந்தப் பேரிங் வீண். வெளிப்பையைத் துடைத்து உலர்த்திய பிறகே பிரியுங்கள். கேஸ் சூடாகித் தயாராக இருக்கும்போதுதான் வெளியே எடுக்க வேண்டும். இந்த ஈரக்காற்றில் குளிர்ந்த பேரிங் உடனே வியர்க்கும்.

தடித்த கையுறை போட்டுக்கொண்டு, எண் எழுதிய பக்கம் பழையது இருந்தபடியே வைத்து, நேராக இறக்கினால் ‘டொக்’ என்று அடியில் உட்காரும் சத்தம் கேட்கும். வெளிவளையத்தை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் லேசாக எழும்பிவிடும். பாதியில் சாய்ந்து நின்றால் அடிக்க வேண்டாம். வெளியே எடுத்து, இரண்டையும் மறுபடி தயார் செய்து திரும்ப இறக்குங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டர் தள்ள வேண்டியிருந்தால், பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் சிறிதாக்கி அதை வைத்துத் தள்ளுங்கள். எல்லாம் ஆறிய பின் விரலால் சுற்றிப் பார்த்து, உடனே புது ஆயில் விடுங்கள்.

பழையதை எடுப்பதற்கும் இதே சூடுதான். பின்பக்கம் மூடிய குழியில் இருக்கும் கியர்பாக்ஸ் பேரிங் என்றால், சூடான கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் சமதளமாக ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். தட்டும் இடம் பேக்கிங் முகம் என்பதால் பலகையில் மணல் இருக்கக் கூடாது. பிடிப்புத் தகடு இருந்தால் முதலில் அதன் ஸ்க்ரூக்களை எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது மரைக்குப் பூட்டுப் பசை அவசியம்.

சில இன்ஜின்களில் பேரிங் கேஸில் தங்காமல் கிராங்கோடு வரும். அதற்குக் கிராங்கின் தகட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நுழையும் பிளவுப் புல்லர் வேண்டும். புதியதை ஆயில் நிறைந்த சட்டியில், அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு 100 முதல் 110 டிகிரிக்குச் சூடாக்கினால் கிராங்கில் வழுக்கி இறங்கும். குண்டுகளைப் பிடிக்கும் கூடு பிளாஸ்டிக் என்றால் இந்த அளவைத் தாண்டவே கூடாது. பிரஸ்ஸில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும் என்றால் கிராங்கின் இரண்டு தகடுகளுக்கு நடுவே அளவான ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். ஆப்பில்லாமல் அழுத்தினால் தகடு நெருங்கி, சரிசெய்த கிராங்க் மறுபடி கோணிவிடும்.

மூடுவது

பழைய பேக்கிங்கை மரத்துண்டால் அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். வாஷர்கள், கியர்கள், ஃபோர்க்குகள் போட்டோவில் உள்ளபடி ஏறட்டும். கிராங்கை வைத்து, எல்லாப் பேரிங்கிலும் ஆயில் விட்டு, புது பேக்கிங்கோடு அடுத்த பாதியை இறக்குங்கள். கையால் அழுத்தியும் லேசாகத் தட்டியும் முகங்கள் சேர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி நின்றுவிட்டால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள். உள்ளே வாஷரோ கியரோ சரியாக உட்காரவில்லை. இழுத்தால் கேஸ் உடையும்.

6 மி.மீ. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. வெளியே இருக்கும் ஸ்க்ரூக்களின் தலைக்கு அடியில் கிரீஸ் தொட்டு வைத்தால் அடுத்த முறை வெள்ளைப் பொடியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். பட்டுப்போல் சுற்ற வேண்டும். பாரமாக இருந்தால் கிராங்க் ஒரு பக்கம் நெருக்கப்பட்டிருக்கலாம். முனையில் நட்டை ஏற்றி, பிளாஸ்டிக் சுத்தியலால் இருபுறமும் ஒவ்வொரு தட்டு தட்டினால் நடுவுக்கு வந்து விடுபடும். விடுபடவில்லை என்றால் மறுபடி பிரியுங்கள். ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் விழுகிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

சீல்களைக் கடைசியில் போடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் கிரீஸ் தொட வேண்டும். ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டில் துருக் குழி இருந்தால் நைஸ் எமரித் தாளால் வழவழப்பாக்கிய பிறகே சீல். டைமிங் குறிகளை நேராக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, மறுபடி குறி நேராக வருகிறதா என்று பார்த்த பிறகு செயின் டென்ஷனரை விடலாம். பிரீதர் குழாயின் முனை மடங்காமல், சக்கரம் தெறிக்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் நிற்கட்டும்.

பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வண்டிக்கும் பேரிங் ஏற்றும் முறை இதுவேதான். ஆனால் அதில் கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுத்தால் கலவை வறண்டு பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். ஆகவே சீலுக்கு இரட்டிப்புக் கவனம்.

முதல் ஓட்டம்

முழுக்கப் பிரித்த இன்ஜின், சாதாரண ஆயில் மாற்றத்தைவிட 100 முதல் 200 மி.லி. கூடுதலாகக் குடிக்கும். புத்தகத்தில் ‘பிரித்த பின்’ என்று தனி அளவு இருக்கும், குறியும் காட்டும். பிளக்கைக் கழற்றி, வயரோடு பாடியில் எர்த் ஆகும்படி வைத்து, முப்பது நாற்பது தடவை கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் டேப்பெட் மூடியைத் திறந்து, மேலே ஆயில் வந்து நனைகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பம்பைப் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு பாம்பன் பாலத்து எதிர்காற்றில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு முறுக்க வேண்டாம். 200 முதல் 300 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் மறுபடி காந்தத்தைக் காட்டுங்கள். மிக நுண்ணிய சாம்பல் பூச்சு இருக்கலாம்; செதில் இருக்கக் கூடாது.

தடைக்காலத்தில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் ஈரமும் அமிலமும்தான் அந்த இரண்டு மாதமும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். நடுவில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். இன்ஜின் சூடேறாமலே உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்தால் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்துங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாமல், அடியில் காற்று போக ஒரு முழம் விடுங்கள்.